மீன் போன காரில் பூ வந்தது

போன புதன்கிழமை பின்னேரம், புங்குடுதீவு றோட்டில், நானும் சூசை அண்ணையும் ஒரு காரைத் தள்ளிக்கொண்டு போனோம். ஸ்ரேறிங் பிடித்திருந்தவர் ஒரு ஐயர். அவருடைய மடியில் பூக்கூடை.

கண்டவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரிக்கலாம். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள். ஏனென்றால் இதில் பாதிப் பிழை என்னுடையது. மற்றப் பாதியைப் பெற்றோல் விலை பொறுப்பெடுக்க வேண்டும்.

பெற்றோல் திரும்பவும் ஏறியது உங்களுக்குத் தெரியும். அது ஏறின நாளிலிருந்து எங்கள் வேலணைச் சந்தியில் நடக்கிற கூத்துத்தான் தெரியாது.

சந்தியில் வாடகைக்கு ஓடுகிற மூன்று ஹயர் கார் நிற்கும். அதில் ஒன்று என்னுடையது. என்னுடையது என்றால் மாமாவுடையது. ஓட்டுகிறது நான், ஏசுகிறது அவர். முந்தி மூன்றும் மாறி மாறி ஓடும். இப்போது மூன்றும் மாறி மாறி நிற்கிறது.

சுருவில் பக்கத்து அக்கா ஒருவர் மாதத்துக்கு இரண்டு தரம் என்னுடைய காரில் ஆஸ்பத்திரிக்குப் போவார். போன மாதம் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்.

"என்னக்கா, காரில வரேல்லையோ?"

"உன்ர காரில ஒருக்கா போய் வந்தா, ஆஸ்பத்திரியில நெஞ்சு வருத்தத்துக்கும் சேத்து மருந்து எடுக்க வேணும். நீ தள்ளி நில்லடா, பஸ் மறைக்குது."

இப்படியிருந்தால் மனுசர் என்ன செய்வது? ஆளுக்கொரு வித்தை தொடங்கினார்கள். மூன்றாவது கார்க்காரர் பாரம் குறையட்டும் என்று பின் பம்பரைக் கழற்றி வீட்டில் வைத்தார். "அண்ணை, பம்பரை மாட்டிவிட்டு உங்கட வண்டியைக் கழட்டி வையுங்கோ, அதுதான் பாரம் கூட" என்றேன். அவருடைய வயிற்றைத்தான் சொன்னேன். அன்றிலிருந்து அவர் என்னோடு கதைக்கிறதில்லை.

மலைநாட்டில் ஓடுகிற டிறைவர்மார் இறக்கத்தில் இஞ்சினை நிற்பாட்டிவிட்டுச் சும்மா உருண்டு போவார்களாம். கொடுத்து வைத்தவர்கள். எங்கள் தீவில் இறக்கம் எங்கே இருக்கிறது? கிணற்றுக்குள்தான் இருக்கிறது.

நான் கண்டுபிடித்தது ஒன்றே ஒன்று — ஹோண் அடிக்கப் பெற்றோல் தேவையில்லை. ஹயர் இல்லாத நேரம் நிற்கிற காருக்குள் இருந்து ஹோண் அடிப்பேன். கார் ஓடுகிற மாதிரி ஒரு சந்தோஷம். பற்றறி இறங்கிவிடும் என்று மாமா அதற்கும் ஏசுவார்.

ஆனால் சூசை அண்ணையின் வித்தைக்குக் கிட்ட ஒருவரும் வர முடியாது.

அவர் கடலை விட்டுக் காருக்கு வந்த மனிதர். தகப்பன், சகோதரங்கள் எல்லாரும் ஊர்காவற்றுறையில் வலை இழுக்கிறவர்கள். இவர் மட்டும் ஒரு பழைய ஏ-ஃபோட்டிக் கார் வாங்கிச் சந்தியில் விட்டார். அந்தக் காருக்கு என்னைவிட வயது கூட. அடக்கமும் கூட.

அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே நிரந்தர ஹயர் புதன்கிழமை ஐயர்தான். நயினாதீவில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலில் பூசை செய்கிறவர். புதன் காலையில் வள்ளத்தில் வந்து, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போவார். அங்கே ஒரு வீட்டுப் பூசையை முடித்து, கோயிலுக்குப் பூவும் பழமும் வாங்குவார். திரும்பும்போது மட்டும் கார். பூக்கூடையோடு பஸ்ஸுக்குள் ஏறினால் குறிகட்டுவான் துறையில் இறங்கும்போது பூ இருக்காது, கூடைதான் இருக்கும். அதனால் மூன்று மணிக்குச் சூசை அண்ணை டவுனில் ஐயரை ஏற்றி, ஐந்து மணிக் கடைசி வள்ளத்துக்குக் குறிகட்டுவானில் இறக்க வேண்டும். மாலைப் பூசைக்கு ஐயரை விட்டால் ஆளில்லை.

முந்தி சூசை அண்ணை ஐயரை ஏற்ற வெறுங்காரோடு டவுனுக்குப் போவார். இப்போது வெறுங்கார் ஓட்டினால் வீட்டில் வெறும் பானை.

அப்போதுதான் அவருடைய தமக்கை திரேசக்கா வந்தா. வள்ளக்காரரிடம் மீன் எடுத்து டவுன் சந்தையில் விற்கிறவ. அவவுக்குப் பஸ் கொண்டக்டர்மாரோடு நாளும் சண்டை. "மீன் மணக்குதாம்! மீன் மணக்காம மல்லிகைப் பூவே மணக்கும்?" என்று கேட்பா. புதன்கிழமைகளில் அவவும் இரண்டு மீன் கூடையும் சூசை அண்ணையின் காரில் போவதென்று முடிவாயிற்று. போகும்போது மீன், வரும்போது ஐயர். இரண்டு பக்கமும் கார் வெறுமையாக ஓடாது.

மூளைதான். ஆனால் காலையில் மீன் இருந்த அதே பின்சீற்றில்தான் பின்னேரம் ஐயர் இருக்க வேண்டும்.

"ஐயருக்குத் தெரிஞ்சா என்ன செய்வியள் அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. "தெரிஞ்சா ஹயர் போச்சு. ஹயர் போனா கார் போச்சு. கார் போனா நான் திரும்பவும் கடலுக்குப் போக வேணும். நாப்பத்தஞ்சு வயசில இனி வலை இழுக்க ஏலாதடா குணம். தோள் விட்டுப் போச்சுது. வாயை மூடிக்கொண்டிரு."

எனக்கு வாயை மூடத் தெரியாது என்பது சந்தியில் எல்லாருக்கும் தெரியும். என்றாலும் மூடினேன். மூன்று புதன் சோலியில்லாமல் போயிற்று. மீனை இறக்கியதும் சூசை அண்ணை ஒரு கிணற்றடிக்குக் காரைக் கொண்டுபோய், பின்சீற்றைக் கழற்றி, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் காயவைத்துவிட்டு ஐயரை ஏற்றப் போவார்.

நாலாவது புதன்தான் போன புதன். மாமாவின் காருக்குப் பான்பெல்ற் வாங்க நான் டவுனுக்குப் போக வேண்டியிருந்தது. என்னுடைய காரில் போகலாம்தானே என்று கேட்கிறீர்களா? பான்பெல்ற் வாங்கினால் பெற்றோலுக்கு இல்லை, பெற்றோல் அடித்தால் பான்பெல்ற்றுக்கு இல்லை. சூசை அண்ணையின் முன்சீற்றில் ஏறிக்கொண்டேன்.

கிணற்றடியில் அவர் காரைக் கழுவிவிட்டு மூக்கை உள்ளே விட்டார். "இண்டைக்குக் கொஞ்சம் கூட மணக்குது போல கிடக்கு. என்னடா?"

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

"சவர்க்காரம் காணாதண்ணை. மஞ்சள் தண்ணி தெளியுங்கோ. சாம்பிராணிப் புகை காட்டுங்கோ. பன்னீரும் அடிச்சியள் எண்டால் ஐயர் கோயில் எண்டு நினைச்சு உங்கட காரைச் சுத்திக் கும்பிட்டுப் போவார்."

பகிடிக்குச் சொன்னேன். சூசை அண்ணை பகிடியைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மஞ்சள், சாம்பிராணி, ஒரு போத்தல் பன்னீர். சிரட்டையில் தணல் எடுத்துக் கதவுகளைப் பூட்டிப் புகை போட்டார். கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் காருக்குள் மழை இருண்ட மாதிரி இருந்தது. பிறகு கதவைத் திறந்தோம்.

மீன் மணம் போகவில்லை. போகாதது மட்டுமல்ல — சாம்பிராணியும் பன்னீரும் சேர்ந்து, உள்ளே ஒரு மீனுக்குக் கலியாணம் நடந்த மாதிரி இருந்தது.

"இது முந்தினதைவிட மோசமெல்லோ?" சூசை அண்ணைக்கு அழுகை வரப் பார்த்தது.

திரும்பவும் சீற்றைக் கழற்றினோம். திரும்பவும் கழுவினோம். மணி பார்த்தால் மூன்றே முக்கால்.

ஐயர் பூசை முடித்த வீட்டு வாசலில், படலையடியில் வெயிலுக்குள் நின்றார்.

"என்ன சூசை, மூண்டு மணியெல்லோ?"

"ரயர் காத்துப் போச்சுது ஐயா."

சொன்ன வாய்க்கு வியர்த்தது. ஐயர் நாலு ரயரையும் ஒருதரம் பார்த்தார். கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறினார். ஏறியதும் ஒரு தும்மல். பிறகு இன்னொன்று.

"கூடையைச் சீற்றில வையுங்கோவன் ஐயா, பாரமெல்லே?" என்றேன்.

"பரவாயில்லை தம்பி. மடியிலயே இருக்கட்டும்."

சூசை அண்ணை ஓட்டுகிற விதம் உங்களுக்குத் தெரியாது. முப்பது மைலுக்கு மேல் ஊசி ஏறினால் அவருக்கு நெஞ்சு அடைக்கும். வேகம் கூடினால் பெற்றோல் கூட என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. போக எவ்வளவு, வர எவ்வளவு என்று அளந்துதான் அடிப்பார். ஆனால் அன்றைக்கு ஐந்து மணி வள்ளம் துரத்துகிறது. ஊசி நாற்பதைத் தாண்டியது. ஐம்பதைத் தொட்டது. பழைய கார் வயதான ஆள் ஓடுகிற மாதிரி எல்லா மூட்டிலும் சத்தம் போட்டது.

பண்ணைப் பாலத்தில் ஏறினோம். இரண்டு பக்கமும் கடல், நேர் முன்னால், தென்மேற்கிலிருந்து வருகிற சோளகக் காற்று. ஆடி மாதத்துச் சோளகம் காரின் நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. காற்றுக்குள் ஓடினால் இன்னும் பெற்றோல் குடிக்கும் என்று சூசை அண்ணை கண்ணாடிகளைப் பூட்டச் சொன்னார். பூட்டினோம். பூட்டியதும் உள்ளே சூடு ஏறியது. சூடு ஏறியதும்...

மணந்தது. இது கழுவின சீற்றின் மணம் இல்லை. பச்சை மீன் மணம்.

சூசை அண்ணை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பின்னால் ஐயர் தும்மினார்.

காலால் தடவிப் பார்த்தேன். என்னுடைய சீற்றுக்குக் கீழே ஏதோ மெத்தென்று இருந்தது. குனிந்து பார்த்தேன். பேப்பரில் சுற்றிய ஒரு விளைமீன். முழங்கை நீளம் இருக்கும்.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வலைக்குக் கைகொடுத்தவனாகட்டும், கூடையைச் சுமந்தவனாகட்டும், வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். கறிக்கு ஒரு மீன் கட்டாயம் வைப்பார்கள். வைத்துவிட்டுச் சொல்லவும் மாட்டார்கள், சொன்னால் அது பெருமை பேசுகிற மாதிரியாம். திரேசக்கா தம்பிக்குக் கறிமீன் வைத்திருக்கிறா. பின்சீற்றை இரண்டு தரம் கழற்றிக் கழுவிய நாங்கள் முன்சீற்றுக்குக் கீழே ஒருதரமும் பார்க்கவில்லை!

நான் மெல்லக் கண்ணைக் காட்டினேன். சூசை அண்ணை கீழே பார்த்தார். கார் ஒருதரம் வளைந்து நிமிர்ந்தது. 'எறியடா' என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

கண்ணாடியை இறக்கி, பொட்டலத்தைக் கடல் பக்கமாக வீசினேன்.

வீசினது சரி. காற்றை யோசிக்கவில்லை. சோளகம் பேப்பரைப் பிடுங்கிப் பிரித்தது. பேப்பர் பின்கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொண்டது. மீன் தனியாக, வெயிலில் பளபளவென்று, ஐயர் இருந்த பக்கத்துக் கண்ணாடியில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பாலத்துக் கல்லில் விழுந்து கடலுக்குள் போயிற்று.

நான் கண்ணாடியை ஏற்றிப் பூட்டினேன்.

"தம்பி," ஐயர் மெல்லக் கேட்டார். "என்ன அது விழுந்தது?"

"பழைய பேப்பர் ஐயா."

"ஓம். ஆனா பேப்பருக்கு வால் இருந்ததே."

சூசை அண்ணை பிறேக்கை மிதித்தார். கார் பாலத்தின் நடுவில் நின்றது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஸ்ரேறிங்கைப் பிடித்தபடியே சொன்னார். "ஐயா, என்ர பிழை. காலமை அக்காவின்ர மீன் ஏத்தினனான். மூண்டு கிழமையா ஏத்திறன். பெற்றோல் விக்கிற விலைக்கு வெறுங்கார் ஓட என்னால ஏலாது. உங்களை இதில இறக்கினால் பாவம், குறிகட்டுவானில விட்டுவிடுறன். இனிமேல் நீங்கள் வேற கார் பாருங்கோ."

"எனக்குத் தெரியும்" என்றார் ஐயர்.

"என்னது ஐயா?"

"முதல் கிழமையே தெரியும். எனக்கென்ன மூக்கில்லையே? கூடையை ஏன் மடியில வச்சிருக்கிறன் எண்டு நீர் யோசிக்கேல்லையே? முந்தியெல்லாம் சீற்றிலதானே வைக்கிறனான்."

நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பிளந்தோம்.

"அப்ப ஏன் ஐயா ஒண்டும் சொல்லேல்ல?"

"சொல்லி, நீர் வெக்கப்பட்டு வராம விட்டா? பழைய காசுக்கு வேற ஆர் வருவினம்? சந்தியில மற்ற ரெண்டு காரையும் கேட்டுப் பாத்தனான்." அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். போன மாதம் அவருக்குக் காசைக் கூட்டிச் சொன்னது நான்தான். "நானோ இறங்கினதும் குளிச்சிட்டுத்தான் கோயிலுக்குள்ள கால் வைக்கிறனான். வள்ளத்தில மட்டும் என்ன, பன்னீரே மணக்குது? எனக்கு மீனால கரைச்சல் இல்லை சூசை. நேரத்தாலதான் கரைச்சல். இப்ப மணி நாலேகால். நீர் பாவமன்னிப்பை வள்ளத்தடியில கேளும். முதல்ல காரை எடும்!"

எடுத்தார். அதன் பிறகு ஊசி ஐம்பதை விட்டு இறங்கவில்லை. மண்கும்பான், வேலணை எல்லாம் வந்தது தெரியாது, போனது தெரியாது. சந்தியில் பம்பர் கழற்றின அண்ணை வாயைப் பிளந்துகொண்டு நின்றது மட்டும் தெரிந்தது. இரண்டாவது பாலத்தையும் தாண்டிப் புங்குடுதீவுக்குள் வந்துவிட்டோம். சிரித்துக்கூடவிட்டோம்.

அப்போது கார் ஒருதரம் விக்கியது. இரண்டாவது தரமும் விக்கியது. பிறகு நின்றது.

முப்பது மைல் வேகத்துக்கு அளந்த பெற்றோல் ஐம்பது மைல் வேகத்துக்கு எப்படிக் காணும்?

நேர் றோட்டு. எதிரே, எட்டும் தூரத்தில் குறிகட்டுவான் துறை. அங்கே வள்ளம் நிற்கிறது. அதன் புகையும் தெரிகிறது, இஞ்சினைத் தொடக்கிவிட்டார்கள். மணி ஐந்துக்கு மூன்று நிமிஷம். சூசை அண்ணை கதவைத் திறந்துகொண்டு குதித்தார். மீனிடமிருந்து ஹயர் தப்பிவிட்டது, இப்போது வள்ளம் போனால் ஹயர் போகும்.

"தள்ளடா!"

தள்ளினோம். சோளகம் மறுபக்கத்தால் தள்ளியது. கார் ஒரு முழம் போகும், காற்று அரை முழம் பறிக்கும். ஸ்ரேறிங் பிடிக்க ஆளில்லை. ஐயர் இறங்கினார். நடந்து போகப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முன்கதவைத் திறந்து டிறைவர் சீற்றில் ஏறி, கூடையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எந்தப் பக்கம் திருப்ப வேணும்?"

"ஒரு பக்கமும் திருப்பாதேங்கோ ஐயா! நேரே பிடியுங்கோ!"

இந்த இடத்தில்தான் கண்டவர்கள் சிரித்தார்கள்.

வள்ளத்தின் கயிற்றை ஒருவர் கழற்றுவது தெரிந்தது. கத்தினோம். காற்று எங்கள் சத்தத்தை எங்களுக்கே திருப்பித் தந்தது. எனக்குச் சட்டென்று ஒரு யோசனை வந்தது.

"ஐயா! ஹோண்! ஸ்ரேறிங்குக்கு நடுவில அமத்துங்கோ! அதுக்குப் பெற்றோல் தேவையில்லை!"

ஐயர் அமத்தினார். கோயில் மணி அடித்த கை அல்லவா, விடவே இல்லை. அந்தப் பழைய காருக்குள் அப்படி ஒரு சத்தம் இருந்தது சூசை அண்ணைக்கே தெரியாது. கயிறு கழற்றினவர் திரும்பிப் பார்த்தார். ஹோண் அடித்துக்கொண்டு, இஞ்சின் இல்லாமல், ஐயர் ஓட்டிவருகிற காரைக் கண்டால் எவன்தான் வள்ளத்தை விடுவான்? கயிற்றைத் திரும்பவும் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஐயர் வள்ளத்தில் ஏறினார். பூ ஒன்றும் சிந்தவில்லை. இருந்துகொண்டு சூசை அண்ணையைக் கூப்பிட்டார்.

"வாற புதன் மூண்டு மணிக்கு வாரும். மீன் ஏத்தும், ஒரு வாளி தண்ணி ஊத்தினாக் காணும். சாம்பிராணி மட்டும் வேண்டாம். கோயிலிலயே அதால எனக்குத் தும்மல், அங்க சொல்ல ஏலாம இருக்கிறன். உம்மட காரிலயும் அதுதானோ?"

சூசை அண்ணை இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர் ஒருவர் ஐயரை அப்படிக் கும்பிட்டு நான் கண்டதில்லை.

ஐயர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, இனிப் பேப்பர் எறியேக்க காத்தைப் பாத்து எறியும்."

வள்ளம் போயிற்று. நாங்கள் துறைமுனையில் குந்திக்கொண்டிருந்தோம். மூன்று கிழமை மீன் ஏற்றி மிச்சம் பிடித்த பெற்றோல் ஒரே பின்னேரத்தில் புகையாகப் போய்விட்டது. யோசித்துப் பார்த்தால் மீனால் ஒரு துளியும் போகவில்லை. மீனை மறைக்கத்தான் அவ்வளவும் போனது. கழுவப் போன நேரம், அந்த நேரத்தைப் பிடிக்க ஓடின ஓட்டம்... ஐயர் பாவம், தெரியாத மாதிரி இருக்க அவரும் நாலு கிழமை கூடையைச் சுமந்திருக்கிறார். ஒருவர் முதல் நாளே வாயைத் திறந்திருந்தால் முப்பது மைல் வேகத்தில் ஆறுதலாக வந்திருக்கலாம்.

புங்குடுதீவில் ஒரு வீட்டில் ஒரு போத்தல் பெற்றோல் வாங்கி ஊற்றி, ஊசி இருபத்தைந்தைத் தாண்டாமல் வீட்டுக்கு வந்தோம்.

இப்போது எனக்கு ஒரு சிக்கல். நேற்றுச் சந்தியில் திரேசக்காவைக் கண்டேன்.

"என்னடா குணம், புதன்கிழமை தம்பிக்கு ஒரு விளைமீன் வச்சனான். கறி எப்பிடியாம்? கேட்டா அவன் உன்னைக் கேக்கச் சொல்லுறான்."

நல்ல ருசி என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு நிற்பாட்டி, கடலுக்குள் போனதென்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். ஏச்சு இன்னும் முடியவில்லை. வாங்கிக்கொண்டுதான் இருக்கிறேன் — பெற்றோல் விற்கிற விலையில் இன்னொரு பொய்யை வைத்து ஓட்ட எனக்கு வசதியில்லை.